பாலமுனையில் நெய்த சாரன்

மகன், உனக்கு ஸலாம். உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். என் கடிதம் எப்போதும் ஒரு தாளின் இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஊரில் மழை, வாப்பாவின் இருமல், தங்கச்சியின் படிப்பு, அதோடு சரி. இது அப்படி முடியாது. நான்கு நாளாக, அஸர் தொழுதுவிட்டு வந்து இந்தப் பாயில் இருந்து எழுதுகிறேன். எழுதியதை இரண்டு தரம் கிழித்தேன். மூன்றாம் தரம் கிழிக்கமாட்டேன் என்று வாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் வந்த உன் கடிதத்தை வாப்பாதான் முதலில் வாசித்தார். கொழும்பில் உங்கள் தொழிற்சங்கத்தில் ஒரு ஆள் துரைமாருக்குக் கதை கொண்டுபோகிறான் என்று எழுதியிருந்தாய். "எல்லாருக்கும் தெரியும் உம்மா, வருகிற கூட்டத்தில் எழுந்து சொல்லும்படி என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தாய். வாப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பாத்தியா, நம்மட மகன் கூட்டத்துல கதைக்கப் போறான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எழுந்து கிணற்றடிக்குப் போய் நின்றேன். கொஞ்சம் பொறுத்து வாப்பாவும் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "எழுதப் போறியா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப முழுக்க எழுது. அரைவாசி எழுதாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

உனக்கு அப்போது பதினொரு வயது. சபியா ராத்தாவை உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிவாசல் ஒழுங்கையில், முருங்கை மரம் நின்ற வீடு. புருசன் மௌத்தாகி, நசீமா என்ற ஒரே மகளோடு தறியை நம்பி வாழ்ந்தவர். எனக்குச் சொந்தம் இல்லை. ஆனால் நெசவில் எனக்குத் தெரிந்த நல்லதெல்லாம் அவர் சொல்லித் தந்தது. ஆண்கள் உடுக்கிற சாரனின் கரையில் மல்லிகை மொட்டு மாதிரி நிரையாக வருமே, அந்த மொட்டுக் கரை நெய்ய நம் மருதமுனையில் அந்தக் காலம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். மற்றது நான்.

நாங்கள் எல்லாரும் ஒரே முதலாளியிடம்தான் நூல் எடுத்தோம். அவருடைய வீட்டுப் பின்வாசலில், கொதிக்கிற மணலில், நெய்த துணியைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை வருவார். துணியை விரித்து ஒரு தரம் பார்ப்பார். பிடிக்காவிட்டால் "இது ஏலா" என்று மணலில் எறிவார். ஏன் என்று சொல்லமாட்டார். ஒருநாள் வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி அந்த வெயிலில் மயங்கி விழுந்தாள். நாங்கள் அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், கணக்கப்பிள்ளை அவளுடைய துணியைத் தூக்கி எறிகிறார். சபியா ராத்தா அந்தத் துணியை எடுத்தார், மண்ணைத் தட்டினார், வேலியைச் சுற்றிக்கொண்டு முன்வாசலால் போனார். அந்த வீட்டு முன்வாசலை நெசவுகாரப் பெண் யாரும் அதுவரை மிதித்ததில்லை. முதலாளி சாய்மனைக் கதிரையில் இருந்தார். ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இதுல என்ன பிழை எண்டு ஒங்கட கையால தொட்டுக் காட்டுங்க. காட்டினா நான் போறன்" என்றார். முதலாளி துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரால் காட்ட முடியவில்லை. "பொம்புளயள் இந்தப் பக்கம் வாற இல்ல" என்று மட்டும் சொன்னார்.

அதிலிருந்துதான் எங்கள் சங்கம் உண்டானது. நாங்கள் அதற்குப் பேர்கூட வைக்கவில்லை. சபியா ராத்தாவின் வீட்டில் ளுஹர் தொழுகைக்குப் பிறகு பாய் விரித்துக் கூடுவோம். எங்களுக்கு நிழலில் இருக்க ஒரு பந்தல் வேண்டும், தள்ளுகிற துணிக்குக் காரணம் சொல்ல வேண்டும், நூலை முறைப்படி எல்லாருக்கும் தர வேண்டும். இதற்கு மறுமொழி வரும்வரை அந்த முதலாளிக்கு யாரும் நெய்வதில்லை என்று ஒரு வியாழக்கிழமை எல்லாரும் வாக்குக் கொடுத்தோம். உன் பாடக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எல்லாருடைய பேரையும் நான்தான் எழுதினேன். அந்தப் பெண்களுக்குள் சரியாக எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மறுநாளிலிருந்து எங்கள் ஒழுங்கையில் தறிச் சத்தம் நின்றுவிட்டது. நீ பள்ளிக்கூடத்தால் வந்து, "என்ன உம்மா, எல்லாரும் மௌத்து வீட்டுக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்டாய்.

இனி வருவதை எழுதத்தான் இரண்டு தரம் தாளைக் கிழித்தேன். கல்முனையில் இருந்த அரசாங்கக் காரியாதிகாரிக்கு, முதலாளியைப் பற்றிச் சங்கத்தின் பேரில் நான் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினேன். மூன்று நாள் இருந்து எழுதிய கடிதம். அவர் அதை வாசித்துவிட்டு, முதலாளியை விசாரிப்பதாகச் சொல்லியனுப்பினார். ஊர்ப் பெண்கள் எல்லாரும், "சபியா ராத்தாட கடிதம் வேல செய்திரிக்கி" என்று கதைத்தார்கள். என் கடிதம் என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. ராத்தா அப்படிச் சொல்லச் சொல்லிக் கேட்கவுமில்லை, "எழுதினது அவதான்" என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னார் என்றும் பிறகு அறிந்தேன். ஆனால் அந்த நேரம் என் நெஞ்சுக்குள் ஒரு முள் ஏறிவிட்டது. அதை நான் எடுத்துப் போடவில்லை. அது அங்கே இருப்பது எனக்குப் பிடித்தும் இருந்தது.

மூன்றாவது வாரம் முதலாளியின் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு மொட்டுக் கரைச் சாரன் வேண்டும். சபியாவிடம் கேட்க முடியாது. "நீ இத நெய்து தா. ஒண்ட மகன் நல்லாப் படிக்கிறானாம், மட்டக்களப்புல இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துக்குச் சேக்கணுமெண்டு நீ ஓடித்திரியிறது எனக்குத் தெரியும். அவர் ஒரு கடிதம் குடுத்தா இடம் கிடைக்கும்" என்றார். மகன், நான் இதை உன் தலையில் வைக்கவில்லை. நீ கேட்கவில்லை, உனக்கு ஒன்றும் தெரியாது. உன்னைச் சேர்க்கச் சொல்லி ஏற்கெனவே இரண்டு தரம் போய் இடம் இல்லை என்று திரும்பி வந்திருந்தேன். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று எழுதினால் அது பொய். அந்த வீட்டு நடுமண்டபத்தில் என்னை இருத்தித் தேநீர் தந்தார்கள். சபியாவைவிட நான் நன்றாக நெய்கிறேன் என்று சொன்னார்கள். அந்தச் சொல்லும் எனக்கு வேண்டியிருந்தது.

ஊருக்குள் தறி ஆடினால் சத்தம் கேட்கும். பாலமுனையில் உன் மாமிக்கு, வாப்பாவின் தங்கச்சிக்கு, அப்போது பிள்ளை பிறந்திருந்த மாதம். அவ முன்பு இங்கே வந்து நின்று நெசவு பழகிப் போனவ, வீட்டில் ஒரு தறியும் இருந்தது. மாமியைப் பார்க்கப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, உடுப்புப் பெட்டிக்குள் நூலை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். சபியா ராத்தா என்னோடு பஸ் வரும்வரை வந்து நின்று, பிள்ளைப்பெத்தவளுக்குக் கொடுக்கும்படி ஒரு போத்தல் நல்லெண்ணெய் தந்தார். நான் அதை வாங்கிக்கொண்டேன். பாலமுனையில் எட்டு நாள் நின்றேன். மாமிக்குப் பத்தியம் சமைத்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் தறியில் இருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் எதையும் நெய்ததில்லை. அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஊர்வலமாக வந்தார். வேலிகளுக்குப் பின்னால் நின்று பார்த்த பெண்கள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, சாரனைத்தான் பார்த்தார்கள். மறுநாள் என் வீட்டு வாசலில் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். "மொட்டுக் கரை! ரெண்டு பேருட கைதானே இத நெய்யும்?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இன்னொருத்தி, "இவ பாலமுனையில புள்ளப்பெத்த வீட்டிலயெல்லோ நிண்டவ" என்றாள். அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருந்தால்கூட என் பாவம் பாதியாக இருந்திருக்கும். நான் பேசினேன். "நான் ஆரையும் ஒண்டும் சொல்லல்ல. ஆனா சபியா ராத்தாட பின்வளவுல தறிக்குக் கஞ்சி போட்ட நூல் காயிறதக் கண்டன்" என்றேன். கண்டது உண்மை. தறி நிற்பதற்கு ஒரு மாதம் முன்பு கண்டது. எப்போது கண்டாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இதைக் கவனித்து வாசி மகன். நான் சொன்ன வார்த்தையில் பொய் என்று எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு தூரம் போனது. அன்று பின்னேரமே, சபியா முதலாளி வீட்டு நூலை ஒளித்து வைத்திருக்கிறார் என்று ஆகிவிட்டது. அடுத்த நாள், அவர் அந்த வீட்டுக்குப் போய் வந்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். அவர் முன்வாசலால் போனாரே, அந்தப் பழைய நாளுக்கு இப்போது வேறு அர்த்தம் வந்துவிட்டது. "புருசன் இல்லாத பொம்புள, முன்வாசலால போறதுக்கு எங்கால இந்தத் துணிவு?" என்று கேட்டார்கள். ஐந்தாம் நாள் நான் மீன் வாங்கிக்கொண்டு நிற்கையில், என் பக்கத்தில் நின்ற ஒருத்தி, முதலாளியையும் சபியா ராத்தாவையும் சேர்த்து, எழுதக் கூசுகிற ஒரு கதையை என்னிடமே சொன்னாள். நான் பெற்ற கதை வளர்ந்து என்னிடமே திரும்பி வந்து நின்றது, எனக்கு அதை அடையாளம் தெரியவில்லை. "மெய்யா?" என்று கேட்டேன். அவள், "எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

அந்த வியாழக்கிழமை கூட்டம் வேறொரு வீட்டில் வைத்தார்கள். சபியா ராத்தாவை நடுவில் இருத்தினார்கள். ஒவ்வொருத்தியாகக் கதைத்தார்கள். ஊருக்குத் துரோகம், சங்கத்துக்குத் துரோகம், மானம் போய்விட்டது என்றார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "நீங்க எல்லாரும் சொல்லுறீங்க. ஒரு ஆள் என்னட்டக் கேளுங்க. செய்தியா எண்டு கேளுங்க. கேட்டா நான் சொல்லுவன்" என்றார். ஒருவரும் கேட்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். "நீ கேளு, புள்ள" என்றார். என் கையில் கொப்பியும் பென்சிலும் இருந்தன. நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பினார். அவருடைய சீலைத் தலைப்பு என் முழங்காலில் பட்டுக்கொண்டு போனது. பிறகு என்னை எழுதச் சொன்னார்கள். சபியாவைச் சங்கத்திலிருந்து நீக்கிவிட்டோம் என்று எழுதினேன். என் எழுத்து நடுங்கவில்லை மகன். அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

இரண்டு வாரத்தில் சங்கம் உடைந்தது. யார் கதை கொண்டுபோகிறார்கள் என்று ஒருத்தியை ஒருத்தி பார்க்கத் தொடங்கிய பிறகு பாயில் சேர்ந்து இருக்க ஏது மனம்? ஒவ்வொருத்தியாகப் பின்வாசலுக்குத் திரும்பினார்கள். அதே வெயில், அதே மணல். நசீமாவுக்குச் சாய்ந்தமருதில் பேசி வைத்திருந்த கல்யாணத்தை மாப்பிள்ளையின் தாய் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். தாய்வழி வந்த வீட்டைப் பூட்டிவிட்டுச் சபியா ராத்தா மகளையும் கூட்டிக்கொண்டு நிந்தவூரில் தன் காக்காவின் வீட்டுக்குப் போய்விட்டார். வீடு பெண்ணுக்குத்தான் என்கிற எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தன் வீட்டைவிட்டுச் சகோதரன் வீட்டில் போய் ஒண்டுவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். அதே மாதம் நீ வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு மட்டக்களப்புக்குப் போனாய். பஸ்ஸில் இருந்து நீ கைகாட்டினாய். நான் அழுதேன். பிரிவுக்கு அழுகிறேன் என்று வாப்பா நினைத்தார்.

உங்கள் சங்கத்து ஆள் கதை கொண்டுபோகிறவரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. போகிறவராகவும் இருக்கலாம். சங்கத்துக்குத் துரோகம் செய்கிறவர்கள் உண்டு, நானே ஒருத்தி. அதனால் பிழை செய்தவரை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். எழுந்து கதைப்பதற்கு முன்னால் அந்த ஆளிடம் போ. அவர் முகத்தைப் பார்த்து, இப்படி ஒரு கதை இருக்கிறது, செய்தாயா என்று கேள். உனக்குச் சொன்னவனிடம் போய், நீ கண்டாயா, கேட்டாயா, எப்போது என்று கேள். அவன் இன்னொருவனைக் காட்டினால் அவனிடமும் போ. கால் வலித்தாலும் போ. ஒருவேளை அந்த வழியின் கடைசியில் என்னைப் போல ஒருத்தி, தன் பிழையை மறைக்க இடம் தேடிக்கொண்டு நிற்கலாம். உன்னை ஏன் கதைக்கச் சொல்லுகிறார்கள் என்றும் யோசித்துப் பார். உனக்கு நன்றாகக் கதைக்க வரும். எனக்கு எழுத வந்தது.

மூன்று வருடம் நான் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். தொழுதேன், நோன்பு பிடித்தேன், பிறர் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அதெல்லாம் செய்தால் இது கரைந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு மௌத்து வீட்டில் பாலமுனை மாமி வந்திருந்தா. பெண்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, வெள்ளை மனசாக, "மச்சி எங்கட வீட்டுத் தறியில மொட்டுக் கரை நெய்தாவே, என்ன வடிவு" என்று தொடங்கிவிட்டா. நான் அவவுடைய கையைப் பிடித்து இழுத்து, கதையை வேறு பக்கம் திருப்பினேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். றைஹானா கவனித்திருந்தாள். அன்று வெயிலில் மயங்கி விழுந்தவள் அவள்தான்.

அடுத்த நாள் காலையில் றைஹானா தனியாக வந்தாள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. "ராத்தா, கல்யாண மாப்பிள்ள உடுத்த சாரன் நீங்க நெய்ததா?" என்று கேட்டாள். அவ்வளவு காலத்தில் ஒரு வாய் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்று சொல்ல நாக்கு எழும்பியது. ஏனோ தெரியாது, "ஓம்" என்றேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். "நானும் கூட்டத்துல இரிந்தன். நானும் ஏசின. என்ன தூக்கிப் பிடிச்ச மனுசிய நான் ஏசின" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ஆருக்கும் சொல்லமாட்டன். நான் சொன்னா அதுவும் இன்னொரு கதையாப் போகும். நீங்கதான் சொல்லணும். முதல்ல அவவுக்கு. பிறகு ஊருக்கு" என்றாள்.

வாப்பாவிடம் சொன்னேன். அவர் வலைக்குப் போகாமல் அன்று முழுக்க வீட்டில் இருந்தார். பின்னேரம், "போ. ஆனா மகன்ட படிப்புக்காகச் செய்தனெண்டு ஓரிடத்துலயும் சொல்லாத. பொடியன்ட தலையில கொண்டுபோய் வெக்காத" என்றார். நான் எங்கும் அப்படிச் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான், நடந்தது முழுக்க உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நிந்தவூரில் சபியா ராத்தா குசினிக்கு வெளியே இருந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். நூல், பாலமுனை, பின்வளவில் கண்டது, எல்லாம். அவர் மீனைக் கழுவிச் சட்டியில் போட்டுவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றார். "அந்தக் கரையக் கண்ட நேரமே தெரியும். நான் நெய்யல்ல. அப்ப வேற ஆரு?"

"அப்ப ஏன் கூட்டத்துல சொல்லல்ல ராத்தா?"

"சொன்னா ஒன்னயும் பிடிச்சு அந்த நடுவுல இருத்துவாங்க. நான் அதுல இரிந்து பாத்துக்கொண்டிரிந்தன், அது எப்பிடி இரிக்கி எண்டு. இன்னொரு பொம்புளய அதுல இருத்த எனக்கு மனம் வரல்ல. நீ சொல்லுவா எண்டு நினைச்சன். ஒண்ட முகத்தப் பாத்துக்கொண்டே இரிந்தன். நீ சொல்லல்ல."

நான் அவருடைய காலடியில் இருந்துவிட்டேன். மாப்புத் தரும்படி கேட்டேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். "மாப்பப் பிறகு பாப்பம். ஆரு ஆருட்ட இந்தக் கதை போனதோ, அந்த வாசலுக்கெல்லாம் நீ போ. ஒவ்வொரு வாசலாப் போ. எல்லாரையும் ஒரு இடத்துல கூட்டி வெச்சி அழுதுபோட்டு வந்திராத. அழுதா ஒன்னத்தான் எல்லாரும் தேத்துவாங்க" என்றார்.

போனேன். ஒரு மாதம் எடுத்தது. நீ அப்போது மட்டக்களப்பில் படித்துக்கொண்டிருந்தாய், உன் காதுக்கு எட்டாமல் வாப்பா பார்த்துக்கொண்டார். ஒருத்தி நான் சொல்லி முடிக்கும் முன்பே கதவைச் சாத்தினாள். ஒருத்தி, "முடிஞ்ச கதைய ஏன்கா கிண்டுறா?" என்று ஏசினாள். மீன் வாங்கிய இடத்தில் அந்தக் கூசுகிற கதையைச் சொன்னவள், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நூல் கதை எனக்கு வந்த. மத்தத நான்தான் சேத்த. சும்மா, கதைக்கிற ருசியில" என்றாள். அவளும் என்னோடு அடுத்த வாசலுக்கு வந்தாள். சாய்ந்தமருதில் அந்த மாப்பிள்ளையின் தாய் என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தி, எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, மண்டபத்தில் தவழ்ந்துகொண்டிருந்த பேரப்பிள்ளையைக் காட்டினார். "என்ட மகன் கல்யாணம் முடிச்சி ரெண்டு வருசம். இப்ப நான் என்ன செய்ய? நீங்க சொல்லுங்க" என்றார்.

நசீமாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவள் ஒருநாள் என்னிடம், கோபம் இல்லாமல், தண்ணீர் கேட்கிற மாதிரியான குரலில், "சாச்சி, அண்டைக்கு நீங்க ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா இப்ப எனக்கும் ஒரு புள்ள இரிக்கும்" என்றாள். எத்தனை வாசலுக்குப் போனாலும் சில வீடுகளில் ஒன்றையும் திருப்பி வைக்க முடியாது. பிழையை ஒத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது உனக்குச் சொன்னால் நம்பாதே.

பிறகு பெண்கள் பதினாலு பேர் றைஹானாவோடு நிந்தவூருக்குப் போனார்கள். சபியாவை நீக்கிவிட்டோம் என்று நான் எழுதிய அந்தத் தாளை அவள் வாங்கிக்கொண்டு போய்ச் சபியா ராத்தாவிடம் கொடுத்தாள். அவர் அதைக் கிழிக்கவில்லை. வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் என்னட்டக் கேட்டிரிந்தா போதும்" என்றாராம். ஒருவரும் தலை நிமிரவில்லையாம். அதற்கு நாலு மாதம் கழித்துத்தான் அவர் திரும்பி வந்து, பூட்டிய வீட்டைத் திறந்தார். முதல் நாள் முற்றத்தைக் கூட்ட நான் போனேன். "நீ வேணாம்" என்றார். வந்துவிட்டேன். சங்கம் மறுபடி கூடியது. இப்போது றைஹானாதான் முன்னுக்கு நிற்கிறாள். முதலாளி வீட்டுப் பின்வாசலில் இப்போது தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு பந்தல் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், இது அந்த வருடமே வந்திருக்க வேண்டியது, பெண்களை இத்தனை வருடம் வெயிலில் நிற்க வைத்தவள் நான் என்று நினைப்பேன். கூட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒருத்தியைப் பற்றிய கதை அவள் இருக்கும்போதுதான் எடுக்கப்படும், கொண்டுவருகிறவள் எங்கே கேட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வழக்கம் வந்த பிறகு பாதிக் கதைகள் வாசலோடு நின்றுவிடுகின்றன.

போன மாதம் ஒரு கதை நிற்காமல் உள்ளே வந்தது. என்னைப் பற்றியது. நான் மறுபடி முதலாளி வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று. புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை எழும்பிச் சொன்னாள். பாயில் இருந்த எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒருமுறை செய்தவள், இன்னொருமுறை செய்யமாட்டாளா? எனக்காக யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், திறக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. என் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அப்போது மூலையில் இருந்து சபியா ராத்தாவின் குரல் வந்தது.

"நீ போனியா?"

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசிய வார்த்தை அது. "இல்ல ராத்தா. போகல்ல" என்றேன்.

அவர் அந்தப் பிள்ளையிடம் திரும்பி, "போகல்லயெண்டு சொல்லுறா. நீ கண்டியா?" என்று கேட்டார். காணவில்லை, கேள்விப்பட்டது என்றாள் அவள். "அப்ப கண்டவ வந்து சொல்லட்டும். வேற கதைக்கு வருவம்" என்றார். அவ்வளவுதான். என்னைப் பார்க்கவுமில்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் போகும்போது அவர் தன் வழியால் போனார், நான் என் வழியால் வந்தேன். என் வீட்டில் அவர் இன்னும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. குடிப்பாரா என்று எனக்குத் தெரியாது. நான் அவருக்குக் கொடுக்காத அந்த ஒரு கேள்வியை அவர் எனக்குக் கொடுத்தார். வழி முழுக்க முக்காட்டுக்குள் அழுதுகொண்டு வந்தேன். சந்தோசம் என்று நினைத்துவிடாதே. அவ்வளவு நல்ல மனுசிக்கா நான் இதைச் செய்தேன் என்ற வெட்கம்.

இதை நீ வாசித்து முடித்த பிறகு உன் பள்ளிக்கூடத்தை, உன் இங்கிலீசை, உன் வேலையைப் பார்க்கிற கண் மாறலாம். என்னைப் பார்க்கிற கண் கட்டாயம் மாறும். வாப்பா இந்தக் கடிதத்தைக் கல்முனைத் தபால் கந்தோரில் போடுவதற்காகச் சைக்கிளை எடுத்துவைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். உன் மறுமொழி சுணங்கினாலும் நான் கோபிக்கமாட்டேன். எழுதும்போது நல்ல வார்த்தை தேடிக்கொண்டு இராதே. உனக்கு என்ன கேட்க வேண்டுமோ அதை நேரே கேள். நான் மறைக்கமாட்டேன்.

உன் உம்மா